காத்திருக்கும் கதவும் காத்திருக்காத கதவும்

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் ஜொகூரின் ஸ்கூடாய் பேரங்காடிகளில் கல்வி மேசைகள் முளைத்துவிடும். கழுத்தில் அட்டை தொங்க நிற்கும் இளைஞர்கள் பெற்றோரை மறித்துப் பேசுவார்கள். இந்த வார இறுதிக்குள் பதிந்தால் பதிவுக் கட்டணம் இல்லை, மடிக்கணினி இலவசம், இடங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்பார்கள். அதே வாரத்தில் தாமான் யூனிவர்சிட்டியிலோ முத்தியாரா ரினியிலோ ஏதோவொரு வீட்டில் பிள்ளை மெல்லக் கேட்டிருக்கும்: "ஒரு வருஷம் வேலை செஞ்சிட்டு அப்புறம் படிக்கிறேனே, என்ன கெட்டுப்போச்சு?" அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார்: "கையில காசு பாத்துட்டா அப்புறம் புஸ்தகத்தத் தொடவே மாட்ட."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் கேட்காமல் விடுவது ஒன்றுதான்: ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தால் எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடியிருக்கும்? மலேசியாவில் இதற்கு விடை வினோதமானது. உரக்க அவசரப்படுத்தும் கதவுகள் பெரும்பாலும் காத்திருக்கக்கூடியவை. காத்திருக்காத கதவுகளோ மேசை போட்டு யாரையும் கூப்பிடுவதில்லை. உடனே படிப்பதா, ஓராண்டு நிற்பதா என்ற விவாதத்தை இங்கிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பிள்ளைக்கு ஓய்வு தேவையா, முதிர்ச்சி வருமா, சோம்பல் ஒட்டிக்கொள்ளுமா என்பவை அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்விகள்.

இந்த ஊரில் கேள்வி இன்னும் கூர்மையாவதற்கு ஊரின் இருப்பிடமும் ஒரு காரணம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி 1975-இல் இன்றைய பெயரைப் பெற்ற யு.டி.எம்., 1980-களில் தன் தலைமை வளாகத்தைக் கோலாலம்பூரிலிருந்து இங்கே கொண்டுவந்தது. சீன சமூகம் 1990-இல் தொடங்கிய சதர்ன் கல்லூரி 2012-இல் பல்கலைக்கழகக் கல்லூரியானது. கொஞ்ச தூரத்தில் இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசில் மருத்துவக் கல்லூரியும் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகமும் கிளை விரித்திருக்கின்றன. படிக்க இடமில்லை என்று ஸ்கூடாய்க்காரர் யாரும் சொல்ல முடியாது. அதே சமயம் 1998-இல் திறக்கப்பட்ட, சிங்கப்பூரின் துவாஸுக்குப் போகும் இரண்டாம் பாலமும் இந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்பே அந்தப் பாலத்தை நோக்கி ஓடும் மோட்டார் சைக்கிள்களில் நேற்று வரை பள்ளிச் சீருடை போட்ட முகங்களும் உண்டு.

முதலில் மூடும் கதவுகளைப் பார்ப்போம். மெட்ரிகுலேஷனுக்கு அந்தச் சுற்று எஸ்.பி.எம். எழுதியவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். போன ஆண்டுச் சான்றிதழைக் கொண்டுபோனால் ஏற்கமாட்டார்கள். கட்டணம் மிகக் குறைவு, ஓராண்டில் முடிகிறது, பொதுப் பல்கலைக்கழகத்துக்கு நேரான வழி. இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைப்பதும் எளிதல்ல. 2019-இல் அரசு இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் 90:10 ஒதுக்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டது. அந்தப் பத்து விழுக்காட்டைத்தான் சீனரும் இந்தியரும் மற்றவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், பத்து ஏ-க்களும் அதற்கு மேலும் எடுத்த மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். ஏழு ஏ, எட்டு ஏ எடுத்த பிள்ளையின் நிலை இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததே. அப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தபின் "ஒரு வருஷம் கழிச்சுப் போறேன்" என்று சொல்வது, அந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். அடுத்த ஆண்டு அதைக் கேட்டுப் பெற முடியாது.

பொதுச் சேவைத் துறையின் எஸ்.பி.எம். உபகாரச் சம்பளமும் அந்தந்த ஆண்டுத் தேர்ச்சியாளர்களுக்குரியது. ஆறாம் படிவத்துக்கு வயது வரம்பு இருக்கிறது. ஓராண்டு தள்ளினால் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்வார்கள், இரண்டாண்டு என்றால் சிலருக்குக் கதவு சாத்திவிடும்.

இனி காத்திருக்கும் கதவுகள். தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சேர்க்கை நடக்கிறது. மே மாதத்தை விட்டால் செப்டம்பர், அதையும் விட்டால் ஜனவரி. இடம் தீர்ந்துவிடும் என்ற மிரட்டலுக்குச் சில மருத்துவப் படிப்புகளைத் தவிர வேறெங்கும் பெரிய அர்த்தமில்லை. டிப்ளோமாவுக்கும் பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் போன்ற இடங்களுக்கும் பழைய எஸ்.பி.எம். சான்றிதழோடும் விண்ணப்பிக்கலாம். 1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு வயது வரம்பு 45. அரசாங்கமே நாற்பத்தைந்து வரை மாணவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கும்போது, பதினெட்டில் சேராவிட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று வீட்டில் பதறுவது கொஞ்சம் மிகைதான்.

வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு செய்தி உண்டு. மலேசிய மாணவர் யாரும் பள்ளி முடித்த மறுநாள் கல்லூரிக்குப் போவதில்லை. நாட்காட்டியே ஒரு இடைவெளியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. கோவிட்டுக்கு முன் நவம்பரில் தேர்வு, மார்ச்சில் முடிவு, அதன் பிறகு சேர்க்கை. கோவிட் அந்தச் சுழற்சியைக் குலைத்தது. 2020-ஆம் ஆண்டுக்கான தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டு, முடிவு ஜூன் 10-ஆம் தேதி வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 16, அதற்கடுத்து ஜூன் 8. 2024-இல் மே 27 ஆகவும் 2025-இல் ஏப்ரல் 24 ஆகவும் மெல்ல முன்னுக்கு நகர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் கடைசித் தாளை எழுதி முடித்த பிள்ளை, கல்லூரி வாசலை மிதிக்க அரையாண்டு வரை ஆகிறது. 2004-இல் தொடங்கிய பி.எல்.கே.என். தேசிய சேவைப் பயிற்சி இந்த மாதங்களில்தான் குலுக்கலில் பெயர் வந்தவர்களை மூன்று மாத முகாமுக்கு அழைத்துப்போனது. 2018-இல் அதைக் கலைத்தார்கள், 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாக மீண்டும் கொண்டுவந்தார்கள்.

'கேப் இயர்' எடுக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளை உண்மையில் கேட்பது பதினெட்டு மாத இடைவெளி. அதில் முதல் ஆறு மாதத்தை என்ன செய்தது என்று பார்த்தாலே அடுத்த பன்னிரண்டு மாதம் எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துக் காசு சேர்த்ததா, வாகன உரிமம் எடுத்ததா, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததா, அல்லது மதியம் இரண்டு மணிக்கு எழுந்து விடியும்வரை கைபேசி விளையாட்டில் மூழ்கியதா? ஆலோசகர் எவரும் தரமுடியாத ஆதாரம் இது, பெற்றோரின் கண்முன்னாலேயே கிடக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக்கணக்கும் உண்டு. துன் அமினா, ரினி, கங்கார் பூலாய் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களில் பலர் நேராக முதலாம் படிவத்தில் உட்காரவில்லை. மலாய்மொழித் தேர்வில் குறிப்பிட்ட நிலையை எட்டாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களை ஓராண்டு 'ரிமூவ் கிளாஸ்' என்னும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்படும் வரை அந்தத் தேர்வின் மலாய்ப் புள்ளிகளே இதைத் தீர்மானித்தன. மலாய்ப்பள்ளிப் பிள்ளை பதினேழில் எழுதிய எஸ்.பி.எம்.-ஐ, புகுமுக வகுப்பைக் கடந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளை பதினெட்டில் எழுதியது. அதன்பின் மெட்ரிகுலேஷன் கிடைக்காமல் ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம். ஒன்றாகப் பிறந்து வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று பட்டப்படிப்பின் இரண்டாமாண்டில் இருக்கும்போது மற்றது அப்போதுதான் எஸ்.டி.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும்.

நம் பெற்றோர் 'கேப் இயர்' என்ற சொல்லைக் கேட்டதும் சுள்ளென்று விழுவதற்குப் பழமைவாதம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. யாரோ தங்கள் பிள்ளையிடமிருந்து ஏற்கனவே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், இன்னொன்றை நாமே கொடுப்பதா என்ற கணக்கு அவர்கள் மனதில் ஓடுகிறது. வசதியுள்ள வீட்டில் ஓராண்டு என்பது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் தொகை. கையில் எதுவும் மீதமில்லாத வீட்டில் அது கடன்.

இப்போது பாலத்துக்கு வருவோம். ஸ்கூடாயில் 'ஒரு வருஷம்' என்றால் ஐரோப்பிய இளைஞரைப் போல முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஆண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அது சிங்கப்பூர் வேலை. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே முதல் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரி முதல் 1,700. பட்டதாரிகளுக்கே முதல் வேலையில் மூவாயிரம் கிடைப்பது பலருக்குக் கனவு. அந்தப் பக்கம் தொழிற்சாலையிலோ உணவகத்திலோ பாதுகாவலர் பணியிலோ இரண்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளி கிடைத்தால், மூன்றால் பெருக்கினாலே ஆறாயிரம் ஆகிவிடுகிறது. நான்காண்டு படித்து இங்கே மூவாயிரம், படிக்காமல் அங்கே ஆறாயிரம் என்று பிள்ளை போடும் கூட்டல் தப்பில்லை. அதை முட்டாள்தனம் என்று திட்டுபவர்கள் அந்த எண்களோடு மோதிப் பார்க்கவில்லை.

கூட்டலில் விடுபட்டவை வேறு. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். நவம்பரில் தேர்வெழுதிய பிள்ளைக்கு அடுத்த டிசம்பரில்தான் 18 நிறையும் என்றால், 'ஒரு வருஷம்' தொடங்கும் முன்பே ஒரு வருஷம் போய்விடும். அனுமதி கிடைத்தாலும் வழக்கமாக அது இரண்டாண்டு வரைக்குமானது, குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. ஓராண்டில் திரும்பிவிடுவேன் என்று யாரும் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு சேருவதில்லை. பாலத்தைக் கடக்க மோட்டார் சைக்கிள் வேண்டும், அதற்குத் தவணை உண்டு, அந்தத் தவணை வேலை அனுமதியைவிட நீளம். வீட்டு வாடகையில் பாதி, தங்கையின் டியூஷன், அம்மாவின் மருந்து என்று முதல் சம்பளத்திலிருந்தே குடும்பம் அந்தப் பணத்தின்மேல் எழும்பத் தொடங்கிவிடும். ஓராண்டு முடிந்து "நான் படிக்கப் போறேன்" என்று சொன்னால், வெளியே போவது ஒரு மாணவனல்ல, வீட்டின் இரண்டாவது வருமானம். அம்மாவின் பயம் இந்த இடத்தில் நியாயமானது, ஆனால் அதன் காரணத்தைப் பாதிதான் சொல்கிறார். பணம் பார்த்த பிள்ளை புத்தகத்தைத் தொடாமல் போகலாம். பணம் பார்த்த வீடும் அதைத் தொட விடாமல் போகலாம்.

இன்னும் நீளமான கணக்கும் ஒன்றுண்டு. மலேசியருக்குச் சிங்கப்பூரில் நிரந்தரவாசத் தகுதி இல்லாவிட்டால் சி.பி.எஃப். சேமிப்பு கிடையாது. கையில் வருவதே மொத்தம். அடுத்த படியான எஸ்-பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு மேற்பட்ட வேலைவாய்ப்பு அட்டைக்கு 2025 ஜனவரி முதல் 5,600. இந்தப் படிகளில் ஏற டிப்ளோமாவோ பட்டமோ கேட்கிறார்கள். முதல் ஆண்டில் பட்டம் இல்லாமல் பெற்ற ஆறாயிரம் பத்தாவது ஆண்டிலும் ஏறக்குறைய ஆறாயிரமாகவே நிற்கக்கூடும். பக்கத்து நாட்டுக்குப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. போகிறவர் எந்த அட்டையோடு போகிறார் என்பதுதான் கேள்வி. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஆர்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கினால் பயணம் சுருங்கும், இழுப்பு கூடும். அட்டைகளின் படிநிலையில் ரயிலால் மாற்றம் வராது.

இந்த இழுப்பு ஆண்பிள்ளைகளைத்தான் அதிகம் கொண்டுபோகிறது. நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பத்தில் ஆறு பேர் பெண்கள். பெண்பிள்ளைக்கோ ஓராண்டு வீட்டில் நிற்பது வேறு மாதிரி ஆபத்து. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் என்று அவள் ஆண்டு யாரும் முடிவெடுக்காமலேயே நிரம்பிவிடும். "நீ சும்மாதான இருக்க" என்ற ஒரு வரி போதும். சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. மகள் இடைவெளி கேட்டால், அந்த ஆண்டு அவள் வெளியே ஓரிடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கவேண்டும் என்று நான் நிபந்தனை போடுவேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு வகை முடிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ராபர்ட் போஸிக், ஸ்டெஃபனி டிலூக்கா 2005-இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரியைத் தள்ளிப்போட்டவர்கள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. குடும்ப வசதியையும் பள்ளிப் புள்ளிகளையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. அப்படித் தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், இடையிலேயே திருமணமோ குழந்தையோ வந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எலிசா பர்ச், பால் மில்லர் 2007-இல் செய்த ஆய்வோ, இடைவெளி எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்தவர்கள் சற்று நல்ல புள்ளிகள் வாங்கியதைக் கண்டது. 2010-இல் ஆண்ட்ரூ மார்ட்டின், பள்ளியில் படிப்பில் ஆர்வம் குன்றியிருந்தவர்களே அதிகம் இடைவெளி எடுக்கிறார்கள் என்றும், திரும்பி வந்தபின் அவர்களுக்கு ஊக்கம் கூடியிருந்தது என்றும் எழுதினார்.

முரண் இல்லை, மாதிரிதான் வேறு. ஆஸ்திரேலிய ஆய்வு பார்த்தது திரும்பி வந்தவர்களை. அமெரிக்க ஆய்வின் கணக்கில், பட்டம் முடிக்காமல் போனவர்களும் உண்டு. வகுப்பறைக்குத் திரும்பி வந்தவரைக் கேட்டால் இடைவெளி நல்லது என்றுதான் சொல்வார். ஸ்கூடாய்க்காரர் கேட்கவேண்டியது, திரும்பி வரும் நிகழ்தகவு எவ்வளவு என்று. அதைத் தீர்மானிப்பதில் மனவுறுதிக்கு இருக்கும் பங்கைவிட, கையில் ஒரு சேர்க்கைக் கடிதம் இருக்கிறதா என்பதற்குப் பங்கு அதிகம். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்த பிள்ளைகளையே ஓராண்டு தள்ளி வரச்சொல்லிப் பல காலமாக ஊக்குவிக்கிறது. முன்னாள் அதிபர் ஒபாமாவின் மூத்த மகள் 2016-இல் அப்படித்தான் செய்தார். அந்தப் பிள்ளைகளின் இடம் பத்திரமாக இருந்தது. நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் பதிவைத் தள்ளிவைக்க உடல்நலம் போன்ற வலுவான காரணம் கேட்கிறார்கள், ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

டென்மார்க்கில் நேரெதிர்ப் பிரச்சினை. பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகூட நின்று நிதானமாகச் சேர்ந்ததால் அரசு கவலைப்பட்டு, பள்ளி முடித்த இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தால் சராசரிப் புள்ளியை 1.08-ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. சில ஆண்டுகள் கழித்து அதைக் கைவிட்டது. அவசரப்படுத்தித் தவறான படிப்பில் தள்ளிவிடுகிறது என்ற விமர்சனம் அந்தச் சலுகையைச் சுற்றி ஓயாமல் இருந்தது. இத்தனை தூரம் போகவும் வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் ஆண்பிள்ளைகள் எல்லோரும் இரண்டாண்டு தேசிய சேவை முடித்து இருபது, இருபத்தொன்றில் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களை யாரும் பின்தங்கியவர்கள் என்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்தே பின்தங்குகிறார்கள், சேவைக்குப் போகும் முன்பே பலர் கையில் இடம் இருக்கிறது.

தமிழ் கூறும் மற்ற இடங்களில் இடைவெளி என்பது ஓய்வாக இருந்ததே இல்லை, அது தேர்வுக்கான இன்னொரு ஆண்டு. 2017-இல் தமிழ்நாட்டில் நீட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு கட்டாயமானது. மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மறுபடி எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2020-21-இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் பதிவு செய்தது. ஓராண்டு வீட்டில் உட்காரவைத்துப் பயிற்சி மையத்துக்குக் காசு கட்ட முடிந்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பங்கில் அதிகம். இலங்கையில் உயர்தரத் தேர்வை மூன்று முறை வரை எழுதலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இசட்-புள்ளி போதாமல் இரண்டாம் முறை எழுதும் ஓர் ஆண்டு, முடிவு வந்து பல்கலைக்கழகம் அழைக்கும்வரை இன்னோர் ஆண்டு என்று இருபதைத் தாண்டியே வகுப்பில் உட்காருகிறது.

இங்கேயும் அப்படிப்பட்ட ஆண்டுக்கு இடமுண்டு. மலாய்மொழியில் தேறாமல், அல்லது 2013 முதல் கட்டாயமான வரலாற்றில் தேறாமல் போனால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அதில் விழுந்த பிள்ளையைச் சான்றிதழ் கேட்காத ஏதோவொரு படிப்பில் அவசரமாகச் சேர்ப்பதைவிட, அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எழுதவைப்பது உயர்ந்த வேலை. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்செய்வதையே தொழிலாக வைத்து நாற்பதாண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. மறுதேர்வுக்காக எடுக்கும் ஓராண்டுக்கு எல்லை தெளிவு: ஒரு பாடம், ஒரு தேதி, ஒரு முடிவு. கூடுதலாக வேலையும் பார்க்கலாம். ஏ-யை ஏ பிளஸ் ஆக்குவதற்காக எல்லாவற்றையும் மறுபடி எழுதுவேன் என்பது வேறு. அதில் ஓராண்டைப் போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

உடனே சேர்வதன் பக்கம் பேசுவோர் ஒரு செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டாளி சேர்ந்தான் என்று சேர்ந்து, இரண்டாமாண்டில் படிப்பு பிடிக்காமல் நின்ற பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காது, பி.டி.பி.டி.என். கடன் மட்டும் நிற்கும். படிப்பை முடிக்கவில்லை என்பதற்காக யாரும் அதைத் தள்ளுபடி செய்வதில்லை. வேலைக்குப் போய் ஓராண்டை இழந்தவனுக்குச் சம்பளமாவது மிஞ்சும். தவறான படிப்பில் இரண்டாண்டை இழந்தவன் இழப்புக்கு மேல் தவணையும் கட்டுகிறான். என்ன படிப்பது என்றே தெரியாமல், தனியார் கல்லூரியில் முழுக் கடனோடு சேரப்போகும் பிள்ளையை ஒரு சேர்க்கைச் சுற்றாவது நிறுத்திவைப்பது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது. அந்த மாதங்களில் அது படிக்க நினைக்கும் துறையில், கீழ்மட்டத்திலாவது, வேலை பார்க்கட்டும். கணக்கியல் என்றால் ஒரு கணக்கு அலுவலகத்தில் கோப்பு அடுக்கட்டும், மோட்டார் தொழில்நுட்பம் என்றால் ஒரு பட்டறையில் எண்ணெய் துடைக்கட்டும். ஐந்து மாதத்தில் வெறுத்துப்போனால், இரண்டாண்டுக் கடன் மிச்சம்.

நானென்றால் பிரிப்பது இப்படி. மெட்ரிகுலேஷன் கடிதமோ அரசு உபகாரச் சம்பளமோ வந்தால் போய்விடவேண்டும், களைப்பு, விருப்பமின்மை, காதல், எதையும் காரணமாக ஏற்கக்கூடாது. ஆறாம் படிவம் கிடைத்தாலும் அப்படியே, ஒன்றரை ஆண்டுதான், கட்டணமும் இல்லை. இடைவெளி எடுப்பதென்றால் எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா கையில் கிடைத்த பிறகு எடுப்பது நல்லது. அப்போது வயது இருபதை ஒட்டும், சிங்கப்பூர் அனுமதிக்கு வயதுத் தடை இராது, கையில் இருக்கும் தகுதியை யாரும் பறிக்கமுடியாது. பதினேழில் எடுக்கும் இடைவெளியைவிட அது மலிவு. அதையும் முன்கூட்டியே வீட்டில் பேசிவைக்கவேண்டும்: எந்த மாதம் நிறுத்துவது, சம்பளத்தில் எவ்வளவு படிப்புக்கென்று ஒதுக்குவது, அந்தப் பணம் யார் பெயரில் இருப்பது. பி.டி.பி.டி.என். கடனுக்கே எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும் என்பதால், முதல் சம்பளத்திலேயே அதைத் திறந்துவிடலாம். மோட்டார் சைக்கிளைப் புதிதாகத் தவணையில் வாங்கக்கூடாது. பழையது போதும்.

திரும்பி வராமல் போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, ஸ்கூடாயில் அதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மலேசியத் தகுதி நிறுவனத்தின் ஏபெல்-ஏ என்ற திட்டத்தில் வேலை அனுபவத்தை மதிப்பிட்டு, பள்ளிச் சான்றிதழ் போதாதவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் நிலைக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20, பட்டப்படிப்புக்கு 21. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000 முதல் வேலை பார்ப்போருக்கென்றே நடக்கிறது. யு.டி.எம். ஸ்பேஸ் பகுதிநேரப் படிப்புகளை நடத்துகிறது. கிடங்கில் ஆறாண்டு வேலை பார்த்த இருபத்து நான்கு வயதுக்காரர் சரக்கு நிர்வாகம் படிக்க இந்த வழியில் வரமுடியும். அதற்கு ஒரு திறனறித் தேர்வு எழுதவேண்டும், தான் செய்த வேலைகளுக்கு ஆதாரமும் தொகுத்துக் காட்டவேண்டும். ஆகவே பதினெட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டார் முதல் நாளே ஒரு கோப்பு வாங்கிக்கொடுக்கலாம். நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, பாரந்தூக்கி ஓட்டவோ உணவு கையாளவோ எடுத்த பயிற்சிச் சான்று, மேலதிகாரி எழுதிக்கொடுத்த கடிதம் எல்லாம் அதில் இருக்கட்டும். நிறுவனத்தை விட்டு வந்து மூன்றாண்டு கழித்துக் கேட்டால் இவற்றில் பாதியைக்கூட மறுபடி வாங்க முடியாது.